சஸ்ஸிகாயா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் சஸ்ஸிகாயா ஒயினைப் பற்றி நண்பர்களும், ஒயின் பழகத் தொடங்கியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பெயரும் பெரிது, விலையும் பெரிது. விவரம் தெரியாமல் காசைக் கொட்டிவிட்டு மனம் வாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை இன்னொருவருக்கு வர வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

சஸ்ஸிகாயான்னா என்ன? கம்பெனி பேரா, ஊர் பேரா, திராட்சை பேரா?

தோட்டத்தின் பெயர். டஸ்கனி மாநிலத்தின் கடலோரத்தில், லிவோர்னோ மாவட்டத்தில், போல்கெரி என்ற சின்ன கிராமம் இருக்கிறது. அங்கே தெனூத்தா சான் குயிதோ என்ற பெரிய பண்ணை. அந்தப் பண்ணையில் கல் மண்டிய ஒரு நிலத்துக்குத்தான் சஸ்ஸிகாயா என்று பெயர். அங்கே விளையும் திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நீல வட்டத்துக்குள் எட்டு முனை கொண்ட தங்க நட்சத்திரம் போட்ட லேபிளைப் பார்த்திருப்பீர்கள், அதுதான்.

பண்ணை கடற்கரையிலிருந்து மலைவரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. மொத்தம் சுமார் 2,500 ஹெக்டேர். அதில் சஸ்ஸிகாயாவுக்கான திராட்சை 90 ஹெக்டேர் அளவுக்குத்தான். மீதியெல்லாம் காடு, சதுப்பு நிலம், வயல், குதிரைகள் மேயும் புல்வெளி. இன்சீசா தெல்லா ரொக்கெத்தா குடும்பத்தின் சொத்து அது.

இத்தாலி ஒயின்னு சொல்றீங்க. ஆனா உள்ளே இருக்கிற திராட்சை பிரெஞ்சு ரகமாமே?

ஆமாம். காபர்னே சோவினியோன் ஏறத்தாழ 85 சதவீதம், காபர்னே ஃபிராங்க் 15 சதவீதம். இரண்டும் பிரான்சின் போர்தோ பகுதியில் பேர்பெற்ற ரகங்கள். டஸ்கனியின் சொந்தச் சிவப்புத் திராட்சை சான்ஜோவேசே. அதே மாநிலத்தின் கியாந்தி பகுதி ஒயின் அதில்தான் வரும். சஸ்ஸிகாயாவில் சான்ஜோவேசே ஒரு சொட்டுகூடக் கிடையாது.

அதனால் இதை போர்தோவின் நகல் என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ரகம் போர்தோவுடையது, மண்ணும் வெயிலும் கடல்காற்றும் மத்தியதரைக் கடலோரத்துடையவை. குடித்துப் பார்த்தால் பழத்தில் ஒரு கனிவும், பின்னால் காட்டுச் செடிகளின் வாசனையும் வரும். அந்த வாசனையை போர்தோவில் நான் கண்டதில்லை.

இதை ஆரம்பிச்சவர் குதிரை வளர்க்கிறவர்னு கேள்விப்பட்டேன். உண்மைதானா?

உண்மைதான். மாரியோ இன்சீசா தெல்லா ரொக்கெத்தா, 1899-ல் பிறந்தவர், பியெமோந்தே பகுதியின் பழைய பிரபுக் குடும்பத்துக்காரர். 1920-களில் பீசா நகரில் படிக்கும்போதே போர்தோவைப் போல ஓர் உயர்ந்த ஒயினை இத்தாலியில் செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்குள் விழுந்துவிட்டது. 1930-ல் கிளாரிசே தெல்லா கெரார்தெஸ்காவைத் திருமணம் செய்தார். போல்கெரி நிலங்கள் மனைவி வழியில் வந்தவை.

பந்தயக் குதிரை உலகில் அவர் பெயர் ஒயினுக்கு முன்பே பெரிது. ஃபெதெரிகோ தேசியோவுடன் கூட்டாளியாக இருந்தார். அவர்கள் லாயத்தின் ரிபோ என்ற குதிரை 16 பந்தயம் ஓடி 16-லும் வென்றது. பாரிசின் ஆர்க் பந்தயத்தை 1955, 1956 என்று அடுத்தடுத்து இரண்டு முறை எடுத்தது. நல்ல குதிரைக்கு எந்த வம்சத்தை எந்த மண்ணில் வளர்க்க வேண்டும் என்று வருடக்கணக்கில் யோசித்த மனிதர், திராட்சைக் கொடியையும் அதே பொறுமையோடு அணுகினார் என்று நான் நினைக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். போல்கெரி சதுப்பு நிலத்தைப் பறவைகளின் புகலிடமாக 1959-லேயே ஒதுக்கி வைத்தவர் அவர். உலக இயற்கை நிதியத்தின் இத்தாலியக் கிளைக்கு முதல் தலைவரும் அவரே.

1944-ல நட்டது. 1968 வரைக்கும் ஏன் விக்காம வெச்சிருந்தாங்க?

1944-ல் கஸ்தில்யொன்செல்லோ என்ற மேட்டில், கடல் மட்டத்திலிருந்து நல்ல உயரத்தில், மாரியோ முதல் காபர்னே கொடிகளை நட்டார். பதியன்கள் பீசாவுக்கு அருகே மிக்லியாரினோவில் சால்வியாத்தி குடும்பத்தின் பழைய தோட்டத்திலிருந்து வந்தவை. அந்தக் காலத்தில் இந்தக் கடலோரத்துக்கு ஒயின் விஷயத்தில் நல்ல பேரே இல்லை. கடல்காற்று கொடியைக் கெடுத்துவிடும், ஒயின் உப்புக் கரிக்கும் என்பது ஊர்ப்பேச்சு. அதனால்தான் காற்று நேராக அடிக்காத மேட்டைத் தேடிப் பிடித்தார்.

செய்த ஒயினை அக்கம்பக்கத்தில் குடித்துப் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. லேசான, உடனே குடிக்கிற உள்ளூர் ஒயினுக்குப் பழகிய நாக்குக்கு இந்த முரட்டுத் துவர்ப்பு ஒத்துவரவில்லை. 1948 முதல் 1967 வரை இது வீட்டு ஒயினாகவே இருந்தது. ஆண்டுதோறும் சில பெட்டிகளை நிலவறையில் போட்டு வைத்தார்கள். பழைய பாட்டில்களைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பத்து ஆண்டு கிடந்த பாட்டிலில் முரட்டுத்தனம் அடங்கி, வேறொரு ஒயினாக மாறியிருந்தது. மகன் நிக்கொலோவும் உறவுக்காரர் பியெரோ அந்தினோரியும் இதை வெளியே கொண்டுவர வற்புறுத்தினார்கள். அந்தினோரி நிறுவனத்தின் ஒயின் நிபுணர் ஜாக்கமோ தாக்கிஸ் செய்முறையைச் சீர்செய்தார். 1968 அறுவடையின் ஒயின்தான் முதலில் கடைக்கு வந்தது.

இந்தக் கதையை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காத்திருந்தால்தான் இது பேசும் என்பதை முதலில் கண்டவர்கள் அதைச் செய்தவர்களே. பின்னால் வரும் பாதி கேள்விகளுக்கு விடை இதில் இருக்கிறது.

அந்தத் தோட்டத்துல அப்படி என்ன விசேஷம்? கல்லுதானே?

கல்தான் விசேஷம். களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் கூழாங்கல்லும் சரளையும் நிறைய. மழை பெய்தால் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும். வேர் தண்ணீரைத் தேடி ஆழத்துக்குப் போகும், கொடி இலையாகக் கொழுக்காது, காயும் சிறுத்துத் திடமாக இருக்கும். காபர்னே சோவினியோன் தாமதமாகப் பழுக்கிற ரகம், ஈரத்தில் ஊறிக் கிடக்கிற குளிர்ந்த மண்ணில் அது முழுதாகப் பழுக்காது. போர்தோவில் கிராவ் என்ற பகுதியும் இப்படிச் சரளை நிலம்தான். மாரியோ இந்த நிலத்தைப் பார்த்ததும் அவருக்கு நினைவுக்கு வந்ததும் அதுவே.

கிழக்கே மலை அரண்போல நிற்கிறது. மேற்கே கடல். பகலில் நல்ல வெயில், அதோடு கடலிலிருந்து வரும் காற்று. பழம் வெந்துபோகாமல் மெல்லப் பழுக்கும். தோட்டங்களும் ஒரே இடத்தில் இல்லை. தாழ்வான நிலத்தில் சில, மேட்டில் சில. சூடான ஆண்டில் மேட்டுத் திராட்சை கை கொடுக்கும், குளிர்ந்த ஆண்டில் கீழே இருப்பது கை கொடுக்கும்.

செய்முறையில ஏதாவது ரகசியம் இருக்கா?

இல்லை. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் புளிக்கவைக்கிறார்கள், பழத்தின் மேலேயே இருக்கும் ஈஸ்ட்டை வைத்து. பிறகு 225 லிட்டர் பிடிக்கும் பிரெஞ்சு ஓக் பீப்பாயில் இரண்டு ஆண்டு. எல்லாமே புதுப் பீப்பாய் இல்லை, முன்பு பயன்படுத்தியதும் கலந்திருக்கும். மர வாசனை பழத்தை அமுக்காமல் இருப்பது அதனால்தான். பிறகு பாட்டிலில் சில மாதம் ஓய்வு. அறுவடை முடிந்து மூன்றாம் ஆண்டு வாக்கில் கடைக்கு வரும்.

உலகத்துக்கு இது தெரிஞ்சது எப்படி?

1978-ல் லண்டனில் டிகேன்டர் இதழ் ஒரு சுவைப்போட்டி வைத்தது. 11 நாடுகளிலிருந்து 33 காபர்னே ஒயின்கள், லேபிளை மறைத்து. ஹ்யூ ஜான்சன், செரீனா சட்கிளிஃப், கிளைவ் கோட்ஸ் போன்றவர்கள் நடுவர்கள். முதலிடம் 1972 சஸ்ஸிகாயாவுக்கு. போர்தோக்காரர்களின் ஆட்டத்தில் இத்தாலியக் கடலோரத்து ஒயின் ஜெயித்ததில் அன்று பலருக்கு அதிர்ச்சி.

அடுத்து 1985 அறுவடை. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதற்கு நூற்றுக்கு நூறு கொடுத்தார். 2015 அறுவடையை வைன் ஸ்பெக்டேட்டர் இதழ் 2018-ன் முதல் ஒயினாகத் தேர்ந்தெடுத்தது. மாரியோ 1983-லேயே காலமாகிவிட்டார். நூறு மதிப்பெண்ணை அவர் பார்க்கவில்லை, லண்டன் வெற்றியைப் பார்த்தார்.

இவ்வளவு பெரிய ஒயினுக்கு 'சாப்பாட்டு மேசை ஒயின்'னு லேபிள் போட்டிருந்தாங்களாமே? தரம் இல்லாததாலயா?

தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இத்தாலியில் ஒவ்வொரு பகுதிக்கும் எந்தத் திராட்சை, எவ்வளவு, எத்தனை நாள் ஊறல் என்று அரசு விதி உண்டு. அதற்கு உட்பட்டவற்றுக்கு டி.ஓ.சி. என்ற தகுதி. போல்கெரியில் சிவப்பு ஒயினுக்கு அப்படி ஒரு விதியே அப்போது எழுதப்படவில்லை. 1983-ல் வந்த போல்கெரி டி.ஓ.சி.கூட வெள்ளைக்கும், ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்கும் மட்டும்தான். விதிக்குள் அடங்காத எல்லாமே கீழ்ப்படியில் போய் விழும். அப்படித்தான் உலகம் கொண்டாடிய ஒயின் பல ஆண்டுகள் சாதாரண மேசை ஒயின் என்ற பெயரில் விற்றது.

1994-ல் சிவப்புக்கும் விதி வந்தது, அதிலேயே சஸ்ஸிகாயாவுக்குத் தனி உட்பிரிவும் கிடைத்தது. 2013-ல் முழுத் தனித் தகுதியாக போல்கெரி சஸ்ஸிகாயா டி.ஓ.சி. ஆனது. ஒரே ஒரு பண்ணைக்கென்று டி.ஓ.சி. தகுதி இருப்பது இத்தாலியில் இங்கே மட்டும்தான். பழைய பாட்டில் வாங்குபவர்கள் இந்த ஆண்டுகளை நினைவில் வையுங்கள். 1985 பாட்டிலில் டி.ஓ.சி. என்று அச்சாகியிருந்தால் அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடலாம்.

'சூப்பர் டஸ்கன்'னு ஒரு பேர் அடிபடுதே. தின்யனெல்லோ, ஒர்னெல்லாயா எல்லாம் இதே மாதிரிதானா?

விதிக்கு வெளியே நின்று உயர்ந்த விலைக்கு விற்ற டஸ்கனி ஒயின்களுக்கு மற்றவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. சட்டத்தில் அப்படி ஒரு வகை கிடையாது. தின்யனெல்லோவின் கதை வேறு. அது கடலை விட்டு உள்ளே தள்ளி, கியாந்தி மண்ணில், சான்ஜோவேசேயை முதன்மையாக வைத்து அந்தினோரி குடும்பம் செய்வது. கியாந்தி விதி அந்நாளில் வெள்ளைத் திராட்சையைச் சேர்க்கச் சொன்னது. அவர்கள் தங்களுக்குச் சரியென்று பட்ட கலவையைச் செய்தார்கள், விதியை விட்டு வெளியே வந்தார்கள். சஸ்ஸிகாயாவுக்கு, முந்தைய பதிலில் சொன்னபடி, மீறுவதற்கு விதியே இல்லை. இரண்டிலும் தாக்கிஸ் கை வைத்திருக்கிறார் என்பது பொது.

ஒர்னெல்லாயா இவர்களுக்குப் பக்கத்துத் தோட்டம். பியெரோவின் தம்பி லொதோவிகோ அந்தினோரி 1981-ல் தொடங்கியது. மெர்லோ என்ற திராட்சை ரகமும் சேர்வதால் அது கொஞ்சம் சதைப்பற்றோடு, இளமையிலேயே இனிமையாக இருக்கும்.

பெரிய பேர்னு வாங்கிக் குடிச்சேன். லேசா, புளிப்பா இருந்துச்சு. ஏமாந்துட்டேனா?

அடிக்கடி வரும் கேள்வி. மனதுக்குக் கஷ்டமாகவும் இருக்கும். கலிஃபோர்னியா காபர்னேயைப் போல ஜாம் மாதிரி அடர்த்தி, வாயை நிறைக்கும் இனிப்பு, இவற்றை எதிர்பார்த்தால் இது ஏமாற்றும். சஸ்ஸிகாயா அடக்கமான ஒயின். கருந்திராட்சை, செர்ரி, சீடார் மரம், புகையிலை, உலர்ந்த மூலிகை, இவை ஒவ்வொன்றாக வரும். புளிப்பு நிமிர்ந்து நிற்கும், துவர்ப்பு மெல்லிய தூள்போல நாக்கில் படியும். அந்தப் புளிப்புதான் இருபது, முப்பது ஆண்டு இதைத் தாங்கிப் பிடிக்கிறது.

எந்த ஆண்டைக் குடித்தீர்கள் என்று திரும்பக் கேட்பேன். பெரும்பாலும் கடைக்கு வந்த புதிதிலேயே திறந்திருப்பார்கள். வீட்டு ஒயினாகக் கிடந்த காலத்தில் அக்கம்பக்கத்தார் குறை சொன்னதும் இப்படி இளமையிலேயே குடித்துத்தான்.

அப்படீன்னா எப்போ திறக்கணும்?

சுமாரான ஆண்டு என்றால் அறுவடையிலிருந்து எட்டு, பத்து ஆண்டு. நல்ல ஆண்டு என்றால் பதினைந்து தாண்டட்டும். பொறுக்க முடியாதவர்கள் இளம் பாட்டிலை டிகேன்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒன்றிரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். 16 முதல் 18 டிகிரியில் பரிமாறுங்கள். நம் ஊர் அறைச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும்.

பழைய பாட்டிலுக்கு முறை வேறு. முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். ஊற்றும்போது பாட்டில் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தியோ டார்ச்சோ வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணாடிபோலத் தெளிவாக, செங்கல் நிறத்தில் வரும். கடைசியில் கறுத்த நூல்போல ஒரு இழை பாட்டில் தோளில் ஊர்ந்து கழுத்தை நோக்கி வரும். அதைக் கண்டதும் கையை நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை ஊற்றினால் மேலே இருக்கிற அத்தனையும் கலங்கிவிடும். முப்பது ஆண்டு கடந்த ஒயினை மணிக்கணக்கில் காற்றாட விடவும் கூடாது. மணம் சீக்கிரம் போய்விடும்.

எந்த வருஷம் வாங்கலாம்?

1985 ஒரு சிகரம், ஆனால் அதன் விலை பெரும்பாலோருக்கு எட்டாது. அண்மையில் 2015-உம் 2016-உம் சிறந்தவை. 2015 கொஞ்சம் தாராளமானது, 2016 இறுக்கமானது, நீண்ட நாள் வைக்க ஏற்றது. இரண்டில் ஒன்று என்றால் நான் 2016 பக்கம். 2002 டஸ்கனி முழுக்க மழையில் நனைந்த ஆண்டு, நீண்ட நாள் வைக்க அதை நம்ப வேண்டாம்.

எங்க ஊர் வெயில்ல வீட்டு அலமாரியில வெச்சிருக்கலாமா?

வேண்டாம். 12 முதல் 14 டிகிரி, இருட்டு, அசைவில்லாத இடம், படுக்கவைத்த பாட்டில், இவைதான் தேவை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு கோடை அலமாரியில் கிடந்தால் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், பழவாசனை வெந்த உலர்திராட்சைபோல ஆகிவிடும். இரவில் நிறுத்திவிடும் ஏ.சி. இன்னும் மோசம், சூடும் குளிரும் மாறி மாறி அடிக்கும். ஒயினுக்கான தனிக் குளிர்பெட்டி இல்லையென்றால் வாங்கிய சில வாரத்தில் குடித்துவிடுங்கள். பத்து ஆண்டு வைக்கிற ஆசை இருந்தால் முதலில் பெட்டிக்குச் செலவு செய்யுங்கள், பிறகு பாட்டிலுக்கு.

நம்ம சாப்பாட்டோட ஒத்துப்போகுமா?

மிளகாய்க் காரத்தோடு போகாது. காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலையும் எரிச்சலாக மாற்றிவிடும், நுட்பமான வாசனை ஒன்றும் மிஞ்சாது. அந்த மண்ணில் இதோடு காட்டுப்பன்றிக் கறி, கரியில் சுட்ட மாட்டுக்கறி சாப்பிடுகிறார்கள். நம் வீட்டில் என்றால் உப்பும் லேசான மிளகும் போட்டுச் சுட்ட ஆட்டுத் தொடை சரியாக இருக்கும்.

குயிதால்பெர்தோ, லே திஃபேசேன்னு அதே பண்ணையில இருந்து விலை கம்மியா வருதே. அது சின்ன சஸ்ஸிகாயாவா?

அப்படிச் சொல்வது தவறு. சஸ்ஸிகாயாவில் கழித்ததை ஊற்றி நிரப்புவதல்ல அவை. குயிதால்பெர்தோ 2000 அறுவடையிலிருந்து வருகிறது, காபர்னேயோடு மெர்லோ. லே திஃபேசேயில் காபர்னேயோடு சான்ஜோவேசே. இரண்டும் இளமையில் குடிக்கவென்றே செய்தவை. காத்திருக்க வசதி இல்லாதவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது குயிதால்பெர்தோதான். பக்குவமில்லாத சஸ்ஸிகாயாவைவிடப் பக்குவமான குயிதால்பெர்தோ அன்றைய சாப்பாட்டுக்கு அதிக சந்தோஷம் தரும்.

போலி நிறைய இருக்காமே? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இருக்கிறது. 2020 அக்டோபரில் ப்ளோரன்ஸ் நகர நிதிக் காவல் படை ஒரு கும்பலைப் பிடித்தது. ஒயின் சிசிலியிலிருந்து, பாட்டில் துருக்கியிலிருந்து, லேபிளும் மரப்பெட்டியும் பல்கேரியாவிலிருந்து. மிலானுக்கு அருகே ஒரு கிடங்கில் நிரப்பி, 2010 முதல் 2015 வரையிலான சஸ்ஸிகாயா என்று விற்றிருக்கிறார்கள். மாதம் 700 பெட்டி, அதாவது 4,200 பாட்டில். சந்தை விலையைவிட 70 சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள்.

கவனியுங்கள், அவர்கள் போலி செய்தது கிடைக்காத பழைய ஆண்டை அல்ல, கடைகளில் சாதாரணமாகப் புழங்கும் ஆண்டுகளை. அரிதான பாட்டிலை வாங்குபவர் ஆயிரம் கேள்வி கேட்பார், புழங்கும் பாட்டிலை வாங்குபவர் கேட்க மாட்டார். பெட்டி, லேபிள், காகிதம் எல்லாம் அச்சு அசலாக இருக்கலாம். பாதிக்குப் பாதி விலை என்று யாராவது நீட்டினால் அதுவே முதல் எச்சரிக்கை. இறக்குமதியாளர் பெயரோடு ரசீது தரும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

ஏலத்துல ஒரு 1985 வருது. பணமும் இருக்கு. எடுக்கலாமா?

மூன்று விஷயம் பார்க்காமல் கை தூக்காதீர்கள். முதலாவது, எங்கே கிடந்தது. ஒரே நிலவறையில் ஒரே கையில் இருந்தது என்று ஏலக்காரர் எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஒயின் மட்டம். பாட்டில் கழுத்தின் அடிவரை இருந்தால் நல்லது. தோளின் மேற்பகுதியில் நின்றால் அந்த வயதுக்கு ஏற்கலாம். நடுத்தோளுக்குக் கீழே போயிருந்தால் கார்க் வழியே காற்று புகுந்திருக்கிறது என்று பொருள், எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். மூன்றாவது, கார்க் மேலே எழும்பி உறையைத் தள்ளியிருக்கிறதா, உறைக்கடியில் ஒயின் கசிந்த கறை இருக்கிறதா. இருந்தால் எங்கோ ஒரு கோடையைப் பார்த்த பாட்டில் அது.

லாபத்துக்காக என்றால் வேண்டாம் என்பேன். ஏலக் கமிஷன், காப்பீடு, குளிர்க்கிடங்கு வாடகை எல்லாம் போக மிஞ்சுவது குறைவு. ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் பாட்டில் வெளிவரும் ஒயின் இது, அரிய சரக்கு அல்ல. குடிப்பதற்காக என்றால், மேற்சொன்ன மூன்றும் சரியாக இருந்தால் எடுங்கள். சுவையைக் கவனிக்கத் தெரிந்த நாலு பேரைக் கூப்பிட்டு அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். திறந்த பழைய பாட்டில் மறுநாளுக்குத் தாங்காது.